கல்வெட்டுகளும் விண்டோஸ் 98உம்

விண்டோஸ் 98 ஓடுற கணினி ஒன்று எங்களிட்ட இருக்கு எண்டு சொன்னால் முதல் வாற கேள்வி, "ஏன், பழைய கேம் விளையாடவோ?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. பழைய கணினிகளைத் தூசு தட்டி ஓடவிடுகிறவர்களில் கனபேர் அதைத்தான் செய்கிறார்கள். சின்ன வயதில் விளையாடியதை அதே பெண்டியம் இயந்திரத்தில், அதே சத்தத்தோடு, அதே பெட்டி மொனிற்றரில் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எங்களுக்கு அந்த ஏக்கம் வர வழியே இல்லை. விண்டோஸ் 98 சந்தைக்கு வந்தது 1998 யூன் மாதத்தில். எங்களில் ஒருவரும் அப்ப பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் முதன்முதல் தொட்ட கணினியில் எக்ஸ்பி இருந்தது.

நாங்கள் அதை வாசிக்கத்தான் ஓட்டுகிறோம். கல்வெட்டு வாசிக்க.

தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் ஆள் செத்து 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முகப்பில் படம், அடுத்ததாகத் திதி வெண்பா, தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், தெரிந்தவர்களின் அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி நவிலலும் வம்சாவளியும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிப் போகிறபோது ஒரு பையோடு சேர்த்துக் கையில் வைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேல் போட்டுவிடுவோம். அடுத்த பொங்கலுக்கு வீடு கழுவும்போது அது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தப் புத்தகம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. ஒரு கிராமத்தில் எந்த ஊரோடு சம்பந்தம் கலந்தார்கள், ஆர் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் படிப்பித்தார், குடும்பம் எந்த ஆண்டு எங்கே இடம்பெயர்ந்தது, எப்ப திரும்பி வந்தது, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் சிதறிப்போனார்கள். இவ்வளவும் எட்டுப் பக்கத்துக்குள் கிடக்கும். எந்த அரச ஆவணமும் ஒரு சாதாரண மனுசியின் வாழ்க்கையை இவ்வளவு விபரமாக எழுதிவைப்பதில்லை. நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் ஸ்கான் பண்ணி இணையத்தில் வைத்திருக்கிறது. ஆனால் ஸ்கான் பண்ணுவதற்கு ஒரு பிரதியாவது மிஞ்சியிருக்க வேண்டும். சில நூறு பிரதி மட்டும் அடித்த ஒரு புத்தகம், இரண்டு மூன்று இடப்பெயர்வுக்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாமல் போவது புதினமில்லை.

பிரதி மிஞ்சாவிட்டாலும் இன்னொரு இடத்தில் அது இருக்கலாம். அதை அடித்த அச்சகத்தின் கணினியில்.

எங்களில் ஒருத்தியின் பெரியப்பா ஒருவர் சின்னதாக ஒரு அச்சகம் நடத்தியவர். இப்ப அது இல்லை. பெரியப்பாவிடம் மிஞ்சியது ஒரு பெண்டியம் 3 கணினி, ஒரு பெட்டி மொனிற்றர், சப்பாத்துப் பெட்டிகள் இரண்டு நிறைய புளொப்பி. கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், சனசமூக நிலையத்து ஆண்டுமலர், கல்வெட்டு எல்லாம் அதற்குள். "கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் பிள்ளையள்? பழைய இரும்புக்காரனுக்குக் குடுக்கத்தான் எடுத்து வெளிய வச்சனான்" என்றார். ஆனால் புளொப்பிகளின் மேல் ஒட்டியிருந்த ஒவ்வொரு துண்டிலும் பெயரும் திகதியும் அவருடைய வடிவான கையெழுத்தில் இருந்தது. எறியிற எண்ணம் இருக்கிறவர் இப்படி எழுதிவைப்பதில்லை.

இதைக் கேட்கிற ஆருக்கும் தோன்றுகிற யோசனை, கோப்புகளைப் புதுக் கணினிக்குப் பிரதி எடுத்துத் திறந்தால் முடிந்ததுதானே என்பது. அங்கேதான் எங்கட மொழியின் கணினி வரலாறு குறுக்கே வந்து நிற்கிறது.

யுனிகோட் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பிடித்துவிட்டது. ஆனால் சாதாரண ஆட்களின் கணினிக்கு அது வந்துசேர கன காலம் எடுத்தது. மைக்ரோசொப்ட் தமிழை இயங்குதளத்திற்குள்ளேயே தந்தது விண்டோஸ் 2000இலிருந்துதான். அதற்கு முந்தின விண்டோஸ் 95உம் 98உம் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில், ஆகக்கூடியது 256 இடங்களுக்குள் எழுத்தை அடக்கின. அதனால் எங்கட ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகள் இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தைக் கீறி எழுத்துருவாக்கினார்கள். இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் அப்படிப் பரவியதுதான் பாமினி. தட்டச்சுப்பொறியின் விசையமைப்பை ஒட்டியது என்பதால் ரைப்பிங் தெரிந்தவர்களுக்கு அது லேசாக இருந்தது.

பாமினியில் 'தமிழ்' என்று அடிக்கிறவர் உண்மையில் அடிப்பது ஜே, கே, பி, ஓ, அதற்குப் பிறகு ஒரு அரைப்புள்ளி. கோப்பில் சேமிக்கப்படுவதும் அந்த ஐந்து குறிகள்தான். திரையில் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் புண்ணியத்தில். எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், ஒரு தாயின் வாழ்க்கை வரலாறு முழுதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கும். கணினியைக் கேட்டால், அந்தக் கோப்பில் ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை.

எழுத்துருமாற்றிகள் இருக்குத்தானே என்று கேட்பீர்கள். இருக்கு. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியைத் தெரியாத பழைய வலைப்பதிவர் இருக்கமாட்டார். இப்படியானவை இல்லாவிட்டால் அந்தக் காலத்து எழுத்தில் பாதி இன்றைக்கு வாசிக்கக் கிடைத்திராது. நாங்களும் மாற்றிகளைத்தான் பாவிக்கிறோம். ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, எழுத்துரு. அந்தக் காலத்தில் பாமினியை ஒட்டி எத்தனையோ எழுத்துருக்கள் உலாவின. தலைப்புக்கு ஒன்று, வெண்பாவுக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று. பெரும்பாலான எழுத்துகள் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு ஸ்ரீயோ ஒரு கிரந்த எழுத்தோ மட்டும் இடம் மாறியிருக்கும். மாற்றிக்கு அது தெரியாது. பாமினி என்று நினைத்து மாற்றிவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது, 'ள'. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனி இடம் கிடையாது. அதற்கும் 'ள' எழுத்தைத்தான் அடிப்பார்கள். கடதாசியில் பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. யுனிகோடுக்கு மாற்றும்போது 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடலாம். முதலாவதில் இருப்பது ஒரே ஒரு ஔகார எழுத்து. இரண்டாவதில் இருப்பது 'கெ' ஒன்றும் 'ள' ஒன்றும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேடினால் ஒன்றைத் தேட மற்றது அகப்படாது. கௌரி என்ற பெயருள்ள அம்மாவை அவவின் பேரப்பிள்ளை இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இது காணும்.

மூன்றாவதுதான் பெரியது. பெரியப்பாவின் கோப்புகள் பேஜ்மேக்கரில் செய்தவை. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, 1994இல் அடோபி கைக்குப் போன மென்பொருள் அது. 2001இல் வந்த 7.0தான் அதன் கடைசிப் பெரிய பதிப்பு. பிறகு அடோபி இன்டிசைனோடு போய்விட்டது. எங்கட அச்சகங்கள் மட்டும் கன காலம் பேஜ்மேக்கரை விடவில்லை. அந்தக் கோப்பை அது பிறந்த இடத்தில் வைத்துத் திறந்து பார்த்தால்தான் எந்த வரி எந்த எழுத்துருவில் இருந்தது, எந்தப் பெட்டிக்குள் எது இருந்தது என்று முழுதாகத் தெரியும். மாற்றி தருகிற யுனிகோடைச் சரிபார்க்க எங்களுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சிதான் விண்டோஸ் 98.

பழைய கணினியை உடனே கரண்டில் போடாமல், அதன் வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி முழுப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று ஒரு கருவி இருக்கு. நல்ல இடங்களை முதலில் வாசித்து எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். சாகக் கிடக்கிற வன்தட்டுக்கு அந்த ஒழுங்கு முக்கியம். பிறகு மதர்போட்டைப் பார்த்தோம். 2000ஆம் ஆண்டை அண்டி வந்த மதர்போட்டுகள் கனக்கவற்றில் கப்பாசிற்றர் ஊதி வெடிக்கிற வியாதி இருந்தது. எங்கட போட்டில் இரண்டின் தலை மேடு தட்டியிருந்தது. திருத்துகிற கடை அண்ணை மாற்றித் தந்தார். திகதி பிடிக்காமல் போன பழைய பட்டரிக்குப் பதிலாக ஒரு சிஆர் 2032 போட்டோம். கைக்கடிகாரக் கடையில் வாங்குகிற அதே காசு மாதிரிப் பட்டரிதான்.

அடுத்து எங்களுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் வந்தது. பெரியப்பாவின் விண்டோஸ் எப்படி இருந்ததோ அப்படியே ஓட்டுவதா, எங்களுக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைப்பதா?

"அப்பிடியே விடுங்கோ. உங்கட வசதிக்கு மாத்தினால் அது அவற்ற கணினி இல்லை. பழைய கற்கோயிலை இடிச்சுப்போட்டுச் சீமெந்தில கட்டிப் பெயின்ற் அடிக்கிறதைத் திருப்பணி எண்டு சொல்லுறது மாதிரி" என்றாள் தொல்லியல் படிக்கிறவள்.

"அப்பிடியே விட்டால் ஒரு கல்வெட்டுத் திறக்கிறதுக்கு முன்னம் நாலுதரம் இறுகிப் போகும். நாங்கள் பூசை செய்ய வரேல்லை, வேலை செய்ய வந்தனாங்கள்" என்றான் மற்றவன்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருந்தது. தொடாத முழுப் பிரதி ஏற்கெனவே எங்கள் கையில் இருந்ததால் தீர்வு கஷ்டமாக இருக்கவில்லை. பெரியப்பாவின் வன்தட்டு எப்படி இருந்ததோ அப்படி அந்தப் பிரதியில் இருக்கும். கமராவுக்குப் போடுகிற காட் ஒன்றை ஒரு சின்ன அடப்டரில் மாட்டி, வன்தட்டு இருந்த இடத்தில் பொருத்தினோம். அதில் எங்களுக்கென்று ஒரு விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பைப் புதிதாகப் போட்டோம். வெட்டுவதும் தைப்பதும் அதில் மட்டும்.

வெட்டுவதற்கு நிறைய இருந்தது. முதலில் போனது இன்ரநெட் எக்ஸ்ப்ளோரர். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கு. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசொப்ட்டுக்கு எதிராக வழக்குப் போட்டபோது, இன்ரநெட் எக்ஸ்ப்ளோரர் விண்டோஸிலிருந்து பிரிக்க முடியாத பகுதி என்று நிறுவனம் வாதாடியது. அந்த நேரத்திலேயே 98லைட் என்று ஒரு சின்ன மென்பொருள் வெளிவந்து, பிரித்துக் காட்டியது. விண்டோஸ் 98இன் பாரமான கோப்புலாவியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விண்டோஸ் 95இனுடையதைப் போட்டுவிடவும் அதனால் முடியும். நாங்களும் அதைத்தான் செய்தோம். பழைய இயந்திரம் மூச்சு விட்டது மாதிரி இருந்தது.

வலையமைப்பு முழுவதையும் எடுத்துவிட்டோம். விண்டோஸ் 98க்கு மைக்ரோசொப்ட் 2006 யூலை 11ஓடு பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. இணையத்தில் அதை விடுவது கதவில்லாத வீட்டில் நகை வைப்பது மாதிரி. கேர்னல்எக்ஸ் என்ற ஒன்றைப் போட்டால் எக்ஸ்பி காலத்து மென்பொருட்கள் சிலவற்றையும் 98இல் ஓட்டலாம். ஆர்வலர்கள் அதை வைத்துப் பெரிய வித்தையெல்லாம் காட்டுகிறார்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பென்ரைவ். விண்டோஸ் 98இடம் எல்லாப் பென்ரைவுக்கும் பொதுவான டிறைவர் கிடையாது. ஒவ்வொரு பென்ரைவோடும் அதற்குரியதைத் தந்த காலம் அது. மைக்ரோசொப்ட் கைவிட்ட பிறகு ஆர்வலர்கள் சேர்த்துக் கட்டிய ஒரு யூஎஸ்பி டிறைவர்த் தொகுப்புத்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. சம்பளம் இல்லாமல், ஆரும் கேட்காமல், செத்துப்போன இயங்குதளத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஆட்களை நாங்கள் அடிக்கடி நினைப்போம்.

சில விசயங்கள் சிரிப்பு. கடை அண்ணை, "றாம் கூடப் போட்டுத் தாறன், பறக்கும்" என்றார். விண்டோஸ் 98க்கு 512 எம்பிக்கு மேல் றாம் போட்டால், சில வேளைகளில் நினைவகம் போதாது என்று அதுவே முறைப்பாடு செய்யும். கூடினதைத் தாங்கமாட்டாமல் குறைகிறது என்று சொல்கிற இயங்குதளம். அதற்கென்று ஒரு வரியை சிஸ்டம் கோப்பில் எழுதிச் சமாளிக்கலாம். நாங்கள் 256 எம்பியோடு நிறுத்திக்கொண்டோம். அதுவே அதிகம். இரண்டாம் பதிப்பு கேட்பது ஆகக்குறைந்தது 24 எம்பி. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. 170 மடங்கு. இன்னொன்று, விண்டோஸ் 98 நிறுத்தாமல் 49.7 நாள் ஓடினால் அப்படியே இறுகிவிடும் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். மில்லி செக்கனை எண்ணுகிற 32 பிற் கணக்கு நிரம்பிவிடுகிறதாம். எங்கட ஊர்க் கரண்ட் 49 நாள் தொடர்ந்து நிற்குமா என்பதால் அந்தப் பிழையை நாங்கள் காணப்போவதில்லை.

தைத்ததில் எங்களுக்குப் பிடித்தது தொடக்கத் திரை. விண்டோஸ் 98 தொடங்கும்போது வருகிற மேகப் படம் உண்மையில் 320க்கு 400 அளவிலான ஒரு படக்கோப்பு. அதை மாற்றிவிட்டு எங்கட படத்தை வைக்கலாம். படம்தானே என்றபடியால் அதில் தமிழும் எழுதலாம். தமிழ் தெரியாத இயங்குதளம் தமிழில் வணக்கம் சொல்லிக்கொண்டு தொடங்குகிறது. மூடும்போது "கொஞ்சம் பொறுங்கோ" என்று வரும். பெரியப்பாவும் தன்ர காலத்தில் ஒரு வித்தை செய்து வைத்திருந்தார். கோப்புறைப் பெயர்கள் எல்லாம் தமிழில் தெரியட்டும் என்று, திரையமைப்பில் எழுத்துருவையே பாமினிக்கு மாற்றியிருந்தார். அதனால் 'மை கொம்பியூட்டர்' என்பதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்து 'ஆல' என்று தெரிந்தது. மிச்சமும் அப்படித்தான். அவருக்கு அது பிரச்சினையாக இருந்ததில்லை. இடத்தைப் பார்த்தே அழுத்தப் பழகியிருந்தார். அவருடைய கோப்புறைகளின் தமிழ்ப் பெயர்கள் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதற்காக அந்த ஒன்றை மட்டும் எங்கட பதிப்பிலும் அப்படியே வைத்தோம். தொல்லியல்காரிக்குச் சந்தோசம்.

புளொப்பிகள்தான் பொறுமையைச் சோதித்தன. ஒன்றில் கொள்வது 1.44 எம்பி. இன்றைக்குக் கைத்தொலைபேசியில் எடுக்கிற ஒரு படம் அதற்குள் அடங்காது. எங்கட புழுக்கத்துக்கு உள்ளே இருக்கிற தட்டில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை அப்படியே போட்டால் வாசிக்கிற முனையில் அது ஒட்டி, அடுத்து வருகிற நல்ல புளொப்பியையும் கீறிவிடும். ஒவ்வொன்றையும் தகடு விலக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சந்தேகமானதை ஒதுக்கி, முனையை அல்கஹோல் தொட்ட பஞ்சால் துடைத்துத் துடைத்து வாசித்தோம். முக்கால்வாசி வந்தது. வராதவற்றை எறியவில்லை.

கோப்புகள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது, இது கணினி வேலை மட்டும் இல்லை என்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு அன்ரி, இந்த விசயம் கேள்விப்பட்டு வந்தா. அவவின் அம்மா 2003இல் செத்தவ. கல்வெட்டு இந்த அச்சகத்தில்தான் அடித்தது. குடும்பம் பிறகு வன்னியில் இருந்து, 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. கல்வெட்டும் இல்லை, அம்மாவின் படம் ஒன்றும் இல்லை. "எழுத்து இருந்தால் காணும்" என்றுதான் கேட்டவ. படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பெட்டியில் அந்தப் பெயரும் ஆண்டும் எழுதின புளொப்பி இருந்தது. திறந்தது. வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி எல்லாம் இருந்தன. முகப்பில் படம் இருக்கவேண்டிய பெட்டியும் இருந்தது. பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன் கோப்புக்குள் முழுதாக வைப்பதில்லை. படம் வேறு இடத்தில் இருக்கும், கோப்பில் அதற்கு ஒரு தொடுப்பு மட்டும் இருக்கும். அந்தப் படக்கோப்பு புளொப்பியில் அடங்கியிருக்காது. பெரியப்பாவின் வன்தட்டுப் பிரதியிலும் தேடினோம், இல்லை. ஆனால் பக்கத்தை வடிவமைக்கிறவர் பார்ப்பதற்கென்று ஒரு மங்கலான சின்னப் பதிப்பைப் பேஜ்மேக்கர் கோப்புக்குள்ளேயே வைத்திருந்தது. சதுரம் சதுரமாக, சாம்பல் நிறத்தில், நெருப்புப் பெட்டி அளவில். ஒரு வயதான பெண், நடு உச்சி பிரித்து வாரிய தலை, இடது பக்கம் கொஞ்சம் சரிந்த பார்வை.

மாற்றியில் போட்டு எழுத்தை மட்டும் எடுத்திருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்காது.

அன்ரி கன நேரம் மொனிற்றருக்குக் கிட்டப் போய் நின்றா. கிட்டப் போனால் சதுரங்கள்தான் தெரியும், தள்ளி நின்றால்தான் முகம் தெரியும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பிறகு தானாகவே பின்னுக்கு வந்து, கதிரையில் இருந்து பார்த்தா. "தோடு தெரியுது" என்றா. திரையை அப்படியே படமாகப் பிடித்துப் பென்ரைவில் எடுத்துக் கொடுத்தோம். ஒரு ஸ்ரூடியோவில் பெருப்பித்துத் தரச் சொல்லிப் பார்க்கலாம் என்றோம். "வேண்டாம் பிள்ளையள், அவை வேற முகம் கீறிப்போடுவினம். இது காணும்" என்றா.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு விதி வைத்தோம். மீட்டெடுக்கிற எந்தக் கல்வெட்டையும் குடும்பத்தைக் கேட்காமல் எங்கேயும் ஏற்றுவதில்லை. அச்சில் வந்ததுதானே, பொதுச்சொத்துத்தானே என்று ஒருவன் வாதாடினான். அச்சில் வந்தது வீட்டுக்கு வந்த ஆட்களுக்காக. கல்வெட்டில் பிள்ளைகளின் வெளிநாட்டு விலாசம் இருக்கும், தொலைபேசி இலக்கம் இருக்கும், இன்னாரைக் கட்டினதால் இன்னார் பெயர் விடுபட்டது என்பதும் வாசிக்கத் தெரிந்தவருக்குத் தெரியும். இருநூறு பேர் கையில் கொடுப்பதும் தேடுபொறியில் போடுவதும் ஒன்றல்ல. ஆராய்ச்சிக்குத் தேவை என்பது எங்கட தேவை. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் அதைத் தீர்க்கவேண்டும். கேட்டவர்களில் கூடினவர்கள் ஓம் என்றுதான் சொன்னார்கள். ஒரு குடும்பம் வேண்டாம் என்றது. அவர்களுடைய பிரதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு எங்கட பிரதியை அழித்தோம்.

"கலைப்பீடப் பிள்ளையளுக்கு ஏன் உந்த வேலை? அதுக்குக் கொம்பியூட்டர் படிக்கிற ஆக்கள் இருக்கினம்தானே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வகுப்பில் வட்டெழுத்துப் படிக்கிறோம், கிரந்தம் படிக்கிறோம். பழைய எழுத்தை வாசிக்கத் தெரியாதவர் மூல ஆவணத்தைத் தொட ஏலாது என்று சொல்லித் தருகிறார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து வருசம் எங்கட சமூகம் எழுதியதில் பெரிய பகுதி பாமினியிலும் அதன் உறவுக்கார எழுத்துருக்களிலும்தான் கிடக்கிறது. சங்கங்களின் கூட்டக் குறிப்பு, கோயில் வழக்கு மனு, நாடகப் பிரதி, சிறுசஞ்சிகை, கல்வெட்டு. ஆயிரம் வருசத்துக் கல்லை வாசிக்கப் பழகிவிட்டு, நாங்கள் பிறந்த வருசத்துப் புளொப்பியை வாசிக்கத் தெரியாமல் இருந்தால், அந்தக் காலத்து வரலாற்றை எழுதப்போவது ஆர்?

இந்த இயந்திரத்தில் எங்களுக்குக் காதல் ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லமாட்டோம். வன்தட்டுச் சத்தம் இல்லாமல் அது தொடங்குகிற அழகும், பேஜ்மேக்கர் ஒரு கண்சிமிட்டலில் திறப்பதும் எங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதுவும் ஒருநாள் நிற்கும். அதனால் எங்கட விண்டோஸ் 98இன் பிரதியை 86பொக்ஸ் என்ற பாவனைக் கணினி மென்பொருளில் ஏற்றி, ஒரு மடிகணினிக்குள் பெண்டியம் ஒன்றை உண்டாக்கி ஓட்டிப் பார்த்தோம். ஓடுகிறது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் அதே எழுத்துரு, அதே பக்கம், அதே மங்கல் படம். கூடினளவு கோப்புகள் யுனிகோடுக்கு வந்து, ஒவ்வொன்றும் மூலத் திரையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து முடிந்தால், உண்மையான இயந்திரம் தேவைப்படாது. அதுவரைக்கும் அது வேணும்.

இதை வாசிக்கிற உங்கட வீட்டிலோ, ஊர்ச் சனசமூக நிலையத்திலோ, கோயில் அலுவலகத்திலோ இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இருந்தால் சில விசயங்கள். புளொப்பியைக் கணினி "போர்மற் பண்ணவோ?" என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கோ. பழைய கணினியை உடனே கரண்டில் போட்டுப் பார்க்காமல், முதலில் வன்தட்டைக் கழற்றிப் பிரதி எடுப்பியுங்கோ. எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுங்கோ, அது இல்லாமல் மற்றதெல்லாம் ஆங்கிலக் குப்பை. யுனிகோடுக்கு மாற்றினாலும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். ஔகாரம் வருகிற சொற்களை ஒவ்வொன்றாகப் பாருங்கோ. அதை அடித்தவர் உயிரோடு இருந்தால் முதலில் அவரிடம் போங்கோ. எந்தத் தலைப்புக்கு எந்த எழுத்துரு என்று பெரியப்பா யோசிக்காமல் சொன்ன பதில்களால் எங்களுக்கு வாரக்கணக்கில் வேலை மிஞ்சியது. இப்ப அவர் கிழமையில் ஒருநாள் வந்து பக்கத்தில் இருக்கிறார். சப்பாத்துப் பெட்டி இரண்டில் ஒன்று முடிந்துவிட்டது. மற்றதில் இன்னும் நாற்பதுக்குக் கிட்டக் கிடக்கு.